குசாடசில ஷிப் மதியம் 2 மணி வரைக்கும் தான் நிக்குது: எபேசு டூர் ஷிப்லயே புக் பண்ணலாமா, வெளில ஆள் பிடிக்கலாமா?

முத்துநகர்_ஜெனி எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். அக்டோபர் கடைசி வாரம் ஏதென்ஸ் பக்கத்துல பிரேயஸ் போர்ட்ல ஏறி ஒரு வாரம் கிரீஸ் தீவெல்லாம் சுத்துற க்ரூஸ் போட்டிருக்கோம். நான், வீட்டுக்காரர், அஞ்சாங்கிளாஸ் படிக்கிற பொண்ணு, கூட எங்க அம்மா, 68 வயசு. நடுவுல ஒரு நாள் துருக்கில குசாடசி. காலைல 7 மணிக்கு ஷிப் கரை பிடிக்குது, மதியம் 2க்கு கிளம்புது, 1.30க்குள்ள எல்லாரும் மேல இருக்கணும்னு போட்டிருக்கான். இறங்குற ஏறுற நேரத்தை கழிச்சா கைல மிஞ்சுறது அஞ்சு, அஞ்சரை மணி நேரம்.

அம்மா இந்த ட்ரிப்புக்கு சரின்னு தலையாட்டினதே அந்த ஒரு நாளுக்காக தான். அப்போஸ்தலர் பவுல் தங்கி பிரசங்கம் பண்ணின எபேசு, அதுக்கு மேல மலைல மாதா கடைசி காலத்துல இருந்ததா சொல்ற வீடு. தூத்துக்குடிக்காரங்க, ஆகஸ்ட் 5 பனிமய மாதா திருவிழான்னா எங்க இருந்தாலும் ஊருக்கு வந்து நிப்பாங்க, அவங்ககிட்ட போயி மாதா வீட்டுக்கு டைம் இல்லம்மான்னு சொல்ல எனக்கு தைரியம் கிடையாது. வீட்டுக்காரருக்கு வேற கவலை, இடிபாட்டை எல்லாம் நின்னு நிதானமா பாக்கணும், அம்பது பேரோட பஸ்ல ஏறி கொடி பின்னாடி ஓட மாட்டேன்றார்.

இப்ப கையில இருக்கற கணக்கு இது. ஷிப்லயே எபேசு + மாதா வீடு நாலரை மணி நேர டூர், ஆளுக்கு 129 டாலர். வெளில ஒரு லோக்கல் ஏஜென்ட் வேன், கைடு எல்லாம் சேர்த்து எங்க நாலு பேருக்கும் மொத்தமா 240 டாலர் சொல்றாங்க, அதே ரெண்டு இடம், வேணும்னா எபேசுக்குள்ள இருக்கற டெரஸ் ஹவுஸும் (பழைய ரோமானியர் காலத்து வீடுங்க) சேத்துக்கலாம்னு. பாதி காசு தானேன்னு எனக்கு ஆசை, ஆனா லேட்டாயி ஷிப் போயிடுச்சுன்னா என்ன பண்றதுன்னு வயித்துல புளி கரைக்குது. அம்மாவுக்கு மூட்டு வலி வேற இருக்கு, தரையில நடப்பாங்க, படி தான் கஷ்டம். போனவங்க யாராச்சும் கொஞ்சம் சொல்லுங்களேன்.

ஸ்டுட்கார்ட்_செல்வா எழுதியது:

வணக்கம் ஜெனி. நாங்க ஷிப் டூர்ல தான் போனோம், எப்படி நடக்கும்னு சொல்லிடறேன் அப்புறம் நீங்களே முடிவு பண்ணிக்கங்க.

காலைல ஷிப்ல தியேட்டர் ஹால்ல எல்லாரையும் உக்கார வெப்பாங்க, சட்டைல ஒட்டிக்க நம்பர் போட்ட ஸ்டிக்கர் குடுப்பாங்க, உங்க நம்பரை கூப்பிட்டா எந்திரிச்சு போகணும். இதுலயே அரை மணி நேரம் போயிடும். குசாடசில ஒரு நல்ல விஷயம் ஷிப் நேரா துறையிலயே கட்டிடும், சான்டோரினி மாதிரி நடுக்கடல்ல நிறுத்தி சின்ன போட்ல ஏத்தி இறக்குற வேலை இல்ல, அம்மா நடந்தே வெளில வந்துடலாம். பஸ் நிக்கிற இடத்துக்கு கடைகளுக்கு நடுவுல புகுந்து தான் போகணும். அங்கேர்ந்து எபேசு 20 கிலோமீட்டருக்குள்ள, அரை மணி நேரத்துல போயிடும்.

மாதா வீடு சேர்ந்த டூர்னா முதல்ல மலைக்கு தான் கூட்டிட்டு போவாங்க. எபேசு மேல் வாசல தாண்டி தான் அந்த ரோடு ஏறுது, அதனால மேல போயிட்டு வர்ற வழியில மேல் வாசல்ல இறக்கி விட்டுடுவாங்க, பஸ் மட்டும் சுத்திட்டு கீழ் வாசலுக்கு வந்து நிக்கும். நீங்க இறக்கத்துலயே நடந்து வந்து கீழ ஏறிக்கலாம். இதை யாரு கூட போனாலும் கேட்டு உறுதி பண்ணிக்கங்க, கீழ் வாசல்லயே இறங்கி மேல ஏறி திரும்பவும் இறங்குறது உங்க அம்மாவுக்கு ஆகாது. ரெண்டு வாசலுக்கும் நடுவுல ஒன்றரை கிலோமீட்டருக்கு மேல இருக்கும், நின்னு நின்னு பாத்தா ரெண்டு மணி நேரம்.

கூட்டத்தை பத்தி உங்க வீட்டுக்காரர் சொல்றது கரெக்ட் தான். காதுல ஒரு இயர்போன், கழுத்துல ஒரு சின்ன டப்பா குடுப்பாங்க, கைடு முன்னாடி மைக்ல பேசிட்டே போவார். நீங்க போட்டோ எடுக்க கொஞ்சம் பின்தங்கினா காதுல கரகரன்னு ஆரம்பிக்கும், அப்ப தெரிஞ்சுக்கலாம் குரூப் தூரமா போயிடுச்சுன்னு. ஒரே நேரத்துல ரெண்டு மூணு ஷிப் வந்து நின்னா அந்த பளிங்கு தெருவுல தலை தான் தெரியும், தரை தெரியாது. ஆனா லேட்டாயிடுமோன்னு ஒரு நிமிஷம் கூட யோசிக்கல, அந்த நிம்மதிக்கு தான் காசு. வயசானவங்களை வெச்சுக்கிட்டு ரிஸ்க் எடுக்காதீங்க.

உள்ள போறதுக்கு முன்னாடி வாசல்லயே டாய்லெட் போயிட்டு வந்துடுங்க, நடுவுல கிடையாது. அதாவது கிட்டத்தட்ட 2000 வருஷம் பழைய டாய்லெட் ஒண்ணு இருக்கு, வரிசையா கல்லுல ஓட்டை போட்டு, பசங்க எல்லாம் அங்க உக்காந்து தான் போட்டோ எடுக்குதுங்க.

மதுரை_வித்யா எழுதியது:

செல்வா அண்ணா சொன்னதுல ஒண்ணை மட்டும் ஒத்துக்க மாட்டேன். வயசானவங்க இருக்கறதால தான் ஷிப் டூர் வேண்டாம்னு நான் சொல்லுவேன். நாங்க என் மாமியாரோட போனோம், அவங்களுக்கும் முட்டி பிரச்சனை தான். தனி கைடா இருந்ததால அவங்க உக்காந்த இடத்துல நாங்களும் உக்காந்தோம், ஒரு தூண் நிழல் கிடைச்சா அங்கயே நின்னு கதை சொன்னாங்க அந்த கைடு அம்மா. நாப்பது பேர் குரூப்ல ஒருத்தங்களுக்காக யாரும் நிக்க மாட்டாங்க, நீங்க பின்னாடியே அம்மா கைய பிடிச்சுக்கிட்டு வரணும், கதையும் கேக்காது, கடைசில பஸ்ல எல்லாரும் உங்களையே பாப்பாங்க.

ஆனா ஜெனி, பாதி காசுன்னு நினைக்காதீங்க. அந்த 240 டாலர்ல டிக்கெட் இருக்கான்னு முதல்ல கேளுங்க, பெரும்பாலும் இருக்காது. நாங்க போனப்ப எபேசு டிக்கெட் மட்டும் தலைக்கு 40 யூரோ. நாலு பேருக்கு 160 யூரோ ஆச்சு. மாதா வீட்டுக்கு தனி டிக்கெட், டெரஸ் ஹவுஸுக்கு இன்னொரு டிக்கெட். எல்லாம் கூட்டினா ஷிப் ரேட்டுக்கு கிட்டத்தட்ட வந்துடும், கொஞ்சம் தான் மிச்சம். ஷிப் டூர்ல டிக்கெட் எல்லாம் உள்ளயே போட்டிருப்பாங்க. அதனால காசுக்காக வெளில போகாதீங்க, உங்க வேகத்துக்கு நடக்கணும்னா போங்க.

இன்னொண்ணு, அங்க கைடு வேலைக்கு லைசென்ஸ் வேணும், கழுத்துல அட்டை தொங்கும். டிரைவரே கைடு மாதிரி பேசிட்டு வாசல்ல இறக்கி விட்டுட்டு ரெண்டு மணி நேரத்துல அந்தப்பக்கம் வந்துடுங்கன்னு சொல்ற வேன்களும் ஓடுது. மெசேஜ்லயே தெளிவா கேட்டுடுங்க, லைசென்ஸ் உள்ள கைடு எங்க கூடவே உள்ள நடந்து வருவாங்களான்னு.

சாப்பாடு பத்தி நீங்க கேக்கல, ஆனாலும் சொல்றேன். கீழ் வாசல் கிட்ட மாதுளம்பழ ஜூஸ் பிழிஞ்சு குடுப்பாங்க, அய்ரான்னு ஒண்ணு கிடைக்கும், உப்பு போட்ட நம்ம மோர் தான், வெயில்ல நடந்து வந்ததுக்கு அவ்ளோ நல்லா இருக்கும். சைவம்னா கொஸ்லெமேன்னு கேளுங்க, கீரையோ சீஸோ உருளைக்கிழங்கோ உள்ள வெச்சு மெல்லிசா தேச்சு சுட்டு தருவாங்க.

டெக்ல_இருந்தவன் எழுதியது:

க்ரூஸ் ஷிப்ல கேங்வேல, அதாவது ஆளுங்க ஏறி இறங்குற பாலத்துல, நின்னு வேலை பாத்தவன் நான், அதனால மேடம் கேட்ட அந்த வயித்துல புளி விஷயத்துக்கு மட்டும் பதில் சொல்றேன். ஊர் சுத்தி பாத்தது கம்மி, ஷிப்பை விட்டவங்களை பாத்தது ஜாஸ்தி.

ஷிப்ல புக் பண்ணின டூர் பஸ் லேட்டானா ஷிப் நிக்கும், ஏன்னா பஸ் எங்க இருக்குன்னு டூர் டெஸ்க்குக்கு போன்ல தெரிஞ்சுட்டே இருக்கும். அப்படியே நிக்க முடியலன்னாலும் அடுத்த போர்ட்டுக்கு உங்களை கொண்டு வந்து சேக்கறது கம்பெனி பொறுப்பு. சொந்தமா போனவங்க வரலன்னா கொஞ்சம் நேரம் பாப்பாங்க, மைக்ல பேரை கூப்பிடுவாங்க, அப்புறம் கேபின்ல லாக்கரை திறந்து பாஸ்போர்ட் இருந்தா எடுத்து கரையில இருக்கற போர்ட் ஏஜென்ட் கைல குடுத்துட்டு கேங்வேய தூக்கிடுவாங்க. எல்லாரும் பால்கனில நின்னு ஓடி வர்றவங்களை வீடியோ எடுப்பாங்க, அதான் இன்டர்நெட்ல சுத்துறது.

ஆனா குசாடசிய பொறுத்தவரைக்கும் நான் பயமுறுத்த மாட்டேன். ரோம்ல இருந்து ஷிப் நிக்கிற சிவிதாவெக்கியா போர்ட்டுக்கு திரும்புறதுன்னா ஒரு மணி நேரத்துக்கு மேல, ட்ராபிக் மாட்டினா அவ்ளோ தான். இங்க அரை மணி நேர ரோடு. எபேசுல இருந்து 12 மணிக்கு வண்டி கிளம்பினா போதும், டயர் பஞ்சரானா கூட வேற டாக்ஸி பிடிச்சு வந்துடலாம். பன்னெண்டு மணிங்கறதை கைடுகிட்ட முதல்லயே சொல்லிடுங்க, கடைசில சொல்லாதீங்க. கைடுங்க தினமும் ஷிப் ஆளுங்களை தான் கூட்டிட்டு போறாங்க, அவங்களுக்கும் அது பழக்கம்.

நீங்க கேக்காத ரெண்டு விஷயம் தான் எனக்கு கவலை.

முதல்ல கடிகாரம். அக்டோபர் கடைசி வாரம்னு சொல்றீங்க. துருக்கில 2016ல இருந்து வருஷம் பூரா ஒரே நேரம், மாத்தறதே இல்ல. கிரீஸ்ல அக்டோபர் கடைசி ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னாடி தள்ளுவாங்க. அந்த ஞாயிறுக்கு முன்னாடி நீங்க குசாடசில இருந்தா ரெண்டு நாட்டுக்கும் ஒரே நேரம், பிரச்சனையே இல்ல. பின்னாடின்னா துருக்கி ஒரு மணி நேரம் முன்ன ஓடும். ஷிப் சில நேரம் கிரீஸ் டைம்லயே ஓட்டுவாங்க, சில நேரம் மாத்திப்பாங்க, அதை முதல் நாள் ராத்திரி கேபினுக்கு வர்ற பேப்பர்ல போட்டிருப்பாங்க. உங்க போன் கரையில சிக்னல் பிடிச்ச உடனே தானா துருக்கி டைமுக்கு போயிடும். வெளி கைடு 8 மணிக்கு வான்னா அது துருக்கி 8 மணி, ஷிப் மாத்தலன்னா உங்களுக்கு அப்ப 7, அப்ப தான் கயிறே கட்டிட்டு இருப்பாங்க. அதனால கைடுக்கு மெயில் போடறப்ப துருக்கி டைம்ல இத்தனை மணின்னு எழுதி வாங்கிக்கங்க, கைல பழைய முள் கடிகாரம் ஒண்ணு கட்டி ஷிப் டைம்ல வெச்சுக்கங்க.

அடுத்தது விசா. கிரீஸ்ல இருந்து துருக்கி போயி திரும்ப கிரீஸ் வர்றீங்க. ஷெங்கன் விசா (கிரீஸையும் சேத்து பல ஐரோப்பிய நாடுகளுக்கு பொதுவான விசா) சிங்கிள் என்ட்ரியா இருந்தா துருக்கியோட அது முடிஞ்சுடுச்சு, திரும்ப உள்ள வர முடியாது. மல்டிபிள் என்ட்ரி இருக்கான்னு இன்னிக்கே பாஸ்போர்ட்டை திறந்து பாருங்க. துருக்கிக்கு, செல்லுபடியாகற ஷெங்கன் விசா கைல இருக்கற இந்தியன் பாஸ்போர்ட்காரங்களுக்கு ஆன்லைன்லயே ஈ-விசா கிடைக்கும். க்ரூஸ்ல வந்து துறைமுக ஊரையும் பக்கத்து மாகாணங்களையும் பாத்துட்டு போறவங்களுக்கு 72 மணி நேரம் வரைக்கும் விலக்கு குடுக்கவும் அவங்க சட்டத்துல இடம் இருக்கு, ஆனா உங்களை ஷிப்ல ஏத்துறதா வேண்டாமான்னு முடிவு பண்றது கம்பெனி. அவங்க என்ன கேக்கறாங்களோ அதை எழுத்துல வாங்கிடுங்க.

முத்துநகர்_ஜெனி எழுதியது:

அய்யோ அண்ணா, கோடி நன்றி. விசா மல்டிபிள் தான், இப்ப தான் பாத்தேன். குசாடசி நாள் அந்த ஞாயிறுக்கு அப்புறம் வர்ற செவ்வாய்! இது எங்க ஏஜென்ட் ஒரு வார்த்தை சொல்லல.

வித்யா, டிக்கெட் கேட்டேன், நீங்க சொன்ன மாதிரியே தனியாம். வேன் தான்னு மனசு போகுது இப்ப. டெரஸ் ஹவுஸ் வேணுமா? வீட்டுக்காரர் அது தான் முக்கியம்ன்றார். அம்மாவோட முட்டிக்கு ஒத்து வருமா? அப்புறம் இந்த இடத்தை பத்தி கொஞ்சம் தெரிஞ்சவங்க இருந்தா சொல்லுங்க, எதுக்கு நிக்கணும், எதை விட்டுடலாம்னு. எல்லாத்தையும் பாக்க டைம் இல்ல.

கல்லும்_மண்ணும் எழுதியது:

இந்த மாதிரி கேள்விக்கு தான் நான் இங்க குடியிருக்கேன். கொஞ்சம் நீளமா தான் வரும், பொறுத்துக்கங்க.

முதல்ல எதை விடறதுன்னு சொல்லிடறேன். ஆர்ட்டெமிஸ்ங்கற கிரேக்க பெண் தெய்வத்தோட கோயில். பழைய உலகத்து ஏழு அதிசயத்துல ஒண்ணுன்னு டூர் லிஸ்ட்ல கொட்டை எழுத்துல போட்டிருப்பாங்க. போனா ஒரு பள்ளம், தேங்கின தண்ணி, துண்டு துண்டா கிடைச்ச கல்லை அடுக்கி நிறுத்தின ஒத்தை தூணு, அதுக்கு மேல நாரைக் கூடு. கோயில் இருந்த இடத்தையே தேடி அலைஞ்சு 1869ல தான் கண்டுபிடிச்சாங்க, கிடைச்ச சிற்பத்துல நிறைய லண்டன் போயிடுச்சு. அஞ்சரை மணி நேரத்துல அதுக்கு இருவது நிமிஷம் குடுக்காதீங்க, வேன் ஜன்னல்லயே காட்ட சொல்லுங்க.

டெரஸ் ஹவுஸ். உங்க வீட்டுக்கார சார் சொல்றது நியாயம் தான், மொத்த எபேசுலயும் எனக்கு ரொம்ப பிடிச்சது அது தான். பணக்காரங்க வீடு, மலைச்சரிவுல படிப்படியா கட்டினது, இப்ப மொத்தத்துக்கும் மேல கூரை போட்டு மூடியிருக்காங்க. சுவத்துல வரைஞ்ச ஓவியம், தரையில மொசைக், தண்ணி குழாய், எல்லாம் இருந்த இடத்துலயே. உடைஞ்சு சிதறின பளிங்கு பலகைய ஆயிரக்கணக்கான துண்டா மேசை மேல பரப்பி வெச்சு ஒட்டிட்டு இருப்பாங்க, அதை நாம நடைபாதைல இருந்து எட்டி பாக்கலாம். ஆனா உள்ள பூரா படி. இரும்பு சட்டத்துல போட்ட நடைபாதை, ஏறிட்டே போகணும், பாதில திரும்பி வர வசதி இல்ல. அம்மாவை உள்ள கூட்டிட்டு போகாதீங்க. அதுக்கு நேர் எதிர்ல ஹாட்ரியன் கோயில் இருக்கு, அங்க அம்மாவும் பாப்பாவும் கைடோட உக்காரட்டும், சார் மட்டும் டிக்கெட் வாங்கி அரை மணி நேரத்துல சுத்திட்டு கீழ இருக்கற செல்சஸ் லைப்ரரி கிட்ட வந்து சேந்துக்கலாம். வேன்ல போறதால தான் இது முடியும், ஷிப் குரூப்ல இப்படி பிரிய விட மாட்டாங்க.

இப்ப நடையை பத்தி. மேல் வாசல்ல நுழைஞ்சா கொஞ்ச தூரம் சமதளம், சின்ன அரங்கம், அரசாங்க கட்டிடங்களோட அடித்தளம். இங்க கைடு நிறைய பேசுவாங்க, ஆளுங்களுக்கு அப்ப தான் தெம்பு இருக்கும்ல. நைக்கி தேவதை சிற்பம் ஒண்ணு தரையில நிக்கும், ஷூ கம்பெனி ஜோக் கட்டாயம் வரும், பாப்பா சிரிக்கும். அதுக்கப்புறம் ஹெர்குலிஸ் வாசல்னு ரெண்டு தூண், நடுவுல இடம் ரொம்ப குறுகல், எல்லா குரூப்பும் அங்க தான் முட்டும். அங்க இருந்து தெரு சரசரன்னு கீழ இறங்கும், கடைசில செல்சஸ் லைப்ரரி முகப்பு நேரா தெரியும். எல்லாரும் அதையே பாத்துட்டு நடப்பாங்க, ஆனா அம்மா காலடிய பாக்கட்டும். பளிங்கு, நூத்தாண்டு கணக்கா மிதிபட்டு வழுவழுன்னு ஆகி கிடக்கு, அக்டோபர் கடைசில ஒரு தூறல் போட்டா போதும். அடியில நல்லா பிடிப்பு உள்ள ஷூ, ஒரு ஊன்றுகோல். செருப்பு வேண்டவே வேண்டாம்.

லைப்ரரி. செல்சஸ்னு ஒரு ரோமானிய ஆளுநர், அவர் மகன் அப்பாவுக்காக கட்டினது, 2ஆம் நூற்றாண்டு. அது அவரோட சமாதியும் தான், கட்டிடத்துக்கு அடியில அவர் கல் பெட்டி இன்னும் இருக்கு. 12,000 சுருள் இருந்ததா சொல்வாங்க. நீங்க பாக்கற முகப்பு அப்படியே நின்னது இல்ல, இடிஞ்சு கிடந்ததை ஆஸ்திரியாக்காரங்க 1970ல இருந்து 78 வரைக்கும் கல்லு கல்லா தேடி எடுத்து நிறுத்தினது. பிரமாதமான வேலை. முன்னாடி இருக்கற நாலு பெண் சிலையும் நகல், அசல் வியன்னால. ஒரு சின்ன வித்தை இருக்கு, சாரை பாக்க சொல்லுங்க: நடு தூண்களை விட ஓரத்து தூண்களை சின்னதா செதுக்கியிருப்பாங்க. ரெண்டு பக்கமும் வேற கட்டிடம் நெருக்குற இடம், அதுல முகப்பு நிஜத்தை விட அகலமா தெரியணும்னு.

அங்கேர்ந்து பெரிய அரங்கத்துக்கு போற தெருவுல தரையில ஒரு பாதம், ஒரு பொண்ணு முகம் எல்லாம் கீறி இருக்கும். உலகத்தோட முதல் விளம்பரம், விபச்சார விடுதிக்கு வழின்னு ஒவ்வொரு கைடும் சொல்லுவாங்க. ஆதாரம் ஒண்ணும் கிடையாது, நல்லா விக்கிற கதை. கேட்டு சிரிச்சுட்டு நடங்க, பத்து பேர் அங்க குனிஞ்சு போட்டோ எடுத்துட்டு இருப்பாங்க, அந்த நேரத்துக்கு அரங்கத்துல உக்காரலாம்.

பெரிய அரங்கம் தான் உங்க அம்மாவுக்கு. சுமார் 25,000 பேர் உக்காரலாம். அப்போஸ்தலர் நடபடிகள் 19ஆம் அதிகாரத்தை முதல் நாள் ராத்திரி ஷிப்ல ஒரு தடவை படிச்சுட்டு வர சொல்லுங்க. ஆர்ட்டெமிஸுக்கு வெள்ளில கோயில் பொம்மை செஞ்சு வித்துட்டு இருந்த தட்டான்மார், இந்த பவுலால எங்க பொழப்பே போச்சுன்னு கலகம் பண்ணி, ரெண்டு மணி நேரம் கத்தினாங்களே, அந்த அரங்கம் இது தான். பவுல் உள்ள போறேன்னு நின்னார், சீஷர்கள் விடல. பக்தியை விட வியாபாரம் தான் அங்க கத்துச்சு, அதை அப்படியே எழுதி வெச்சிருக்காங்க. மேல ஏற வேண்டாம், கீழ முதல் வரிசைக்கிட்ட நின்னாலே போதும்.

அரங்கத்துக்கு முன்னாடி நேரா ஒரு அகலமான தெரு போகும், ரெண்டு பக்கமும் தூண். அது துறைமுகத்துக்கு போன தெரு. ராத்திரில விளக்கு எரிஞ்ச தெரு. இப்ப கடைசில புதரும் பச்சையும் தான் இருக்கும், கடல் அங்கேர்ந்து பல கிலோமீட்டர் தள்ளி போயிடுச்சு. குச்சுக் மெந்தரெஸ் ஆறு மண்ணை கொண்டு வந்து கொட்டி கொட்டி துறையை மூடிடுச்சு, தூர் வாரி வாரி பாத்து முடியல, துறை போனதும் ஊரும் கொஞ்சம் கொஞ்சமா போச்சு. கொற்கைய தெரிஞ்ச தூத்துக்குடிக்காரங்களுக்கு இதுக்கு மேல நான் விளக்க வேண்டியதில்ல, தாமிரபரணி அங்க பண்ணின அதே வேலை.

மாதா வீட்டுக்கு வர்றேன். சின்ன கல் கட்டிடம், ஒரு வாசல்ல நுழைஞ்சு இன்னொரு வாசல்ல வெளிய வந்துடுவீங்க, உள்ள போட்டோ எடுக்க விட மாட்டாங்க, தோள் மூடின டிரஸ் வேணும். ஜெர்மனில படுக்கையில கிடந்த ஒரு கன்னியாஸ்திரி கண்ட காட்சிய வெச்சு 1891ல பாதிரியார்கள் தேடி வந்து கண்டெடுத்த இடம். வரலாறா நிரூபிக்க முடியாது, சர்ச்சும் அப்படி அடிச்சு சொல்லல, ஆனா 1967ல ஆறாம் பவுல், 1979ல ரெண்டாம் ஜான் பால், 2006ல பதினாறாம் பெனடிக்ட்னு போப்புங்க வந்து போயிருக்காங்க. முஸ்லிம் பெண்களும் நிறைய வருவாங்க, அவங்களுக்கும் அவங்க மரியம் அம்மா தானே. மெழுகுவர்த்தி வெளில மணல் தட்டுல ஏத்தணும். கொஞ்சம் கீழ ஊத்து தண்ணி குழாய் இருக்கு, அம்மா கட்டாயம் பிடிச்சுட்டு வரணும்னு சொல்வாங்க, காலி பாட்டில் ஒண்ணு பைல போட்டுக்கங்க. எட்டு மணிக்கெல்லாம் மேல இருந்தா ஷிப் பஸ்ஸுங்க வந்து குவியறதுக்குள்ள நிம்மதியா ஜெபம் பண்ணிட்டு இறங்கிடலாம்.

ஸ்டுட்கார்ட்_செல்வா எழுதியது:

கல்லும் மண்ணும் சார் இவ்ளோ சொன்ன பிறகு நான் என் கட்சியை மாத்திக்கணும் போல. இருந்தாலும் சொல்றேன், இது குசாடசிக்கு மட்டும். இதே ட்ரிப்ல தூரமா போற வேற ஊர் இருந்தா ஷிப் டூரே எடுங்க.

கார்பெட் கடை பத்தி யாரும் சொல்லலயே? எங்க டூர்ல திரும்பி வர்றப்ப போர்ட் பக்கத்துல ஒரு கடைக்கு கூட்டிட்டு போயி உக்கார வெச்சு ஆப்பிள் டீ குடுத்து ஒண்ணு ஒண்ணா விரிச்சு காட்டினாங்க, நாப்பது நிமிஷம் போச்சு. நாலரை மணி நேர டூர்ல அதுவும் சேத்தி தான்.

மதுரை_வித்யா எழுதியது:

வேன்லயும் உண்டு அண்ணா, கமிஷன் இல்லாம இருக்குமா. புக் பண்றப்பவே கடை வேண்டாம்னு எழுதி அனுப்பிடணும் ஜெனி, நோ ஷாப்பிங்னு கேட்டா அவங்களுக்கே புரியும், ரேட்ல கொஞ்சம் ஏத்துவாங்க, குடுத்துடுங்க. கார்பெட் நெய்யறதை பாக்க பாப்பாவுக்கு ஆசையா இருந்தா வேற விஷயம், பட்டுக்கூட்டுல இருந்து நூல் எடுத்து காட்டுவாங்க, அது நல்லா தான் இருக்கும். ஆனா உங்க 12 மணி கணக்குல அதுக்கு இடமில்ல.

முத்துநகர்_ஜெனி எழுதியது:

முடிவு பண்ணியாச்சு. வேன், லைசென்ஸ் கைடு, கடை கிடையாது, முதல்ல மாதா வீடு, அப்புறம் மேல் வாசல்ல இறங்கி கீழ் வாசல். டெரஸ் ஹவுஸ் அவர் மட்டும். ஏஜென்ட் ஒத்துக்கிட்டாங்க, 270 டாலர் ஆக்கிட்டாங்க, பரவாயில்ல. அம்மாகிட்ட ஊத்து தண்ணி பத்தி சொன்னது தான் தப்பு, ஒரு பாட்டில் பத்தாது, தெருவுல இருக்கற எல்லாருக்கும் வேணும்னு லிஸ்ட் போடறாங்க. அதை ஷிப்ல உள்ள விடுவாங்களா? கேங்வேல செக் பண்ணுவாங்கல்ல?

டெக்ல_இருந்தவன் எழுதியது:

பை ஸ்கேன் ஆகும் மேடம். முக்கியமா தேடறது சாராயம், கத்தி. தண்ணிக்கு கம்பெனிக்கு கம்பெனி ஒரு ரூல், சில ஷிப்ல வெளி பாட்டிலே கூடாதும்பாங்க, அதனால ஏறுறதுக்கு முன்னாடி உங்க ஷிப் ரூலை ஒரு தடவை படிச்சுடுங்க. மாதா வீட்டு வாசல் கடையில சின்ன சின்ன பாட்டில் விப்பாங்க, மூடி டைட்டா இருக்கறதா பாத்து அதுல பிடிச்சா ஆளுக்கு ஒண்ணு குடுக்கலாம். திரும்பி வர்ற ப்ளைட்ல மட்டும் கேபின் பைல வெச்சுடாதீங்க, 100 மில்லிக்கு மேல இருந்தா ஏதென்ஸ் ஏர்போர்ட்ல எடுத்து போட்டாலும் போட்டுடுவான். பெட்டியில போடுங்க.